மருந்து ஒன்றே, உறை வேறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2021இல் என் மாமனாருக்குக் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது, சாதாரண ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், ‘லைப்போசோம்’ என்று அச்சிட்டதைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். ஈரோடு முழுக்கத் தேடி, அதிக விலை கொடுத்து வாங்கினோம். மருந்து ஒன்றுதானே, ஏன் இந்த வேறுபாடு?
(வாசகர், பெருந்துறை)

பதில்: மருந்து ஒன்றுதான், அது உடலுக்குள் பயணம் செய்யும் விதம்தான் வேறு. பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு சவ்வைத் துளைப்பது ஆம்போடெரிசினின் வேலை. நம் செல்களில் உள்ள கொலஸ்ட்ராலும் ஏறத்தாழ அதே அமைப்புடையது என்பதால், இரத்தத்தில் தனித்துச் சுற்றும் மருந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் பதம் பார்த்துவிடுகிறது. பாஸ்போலிப்பிடும் கொலஸ்ட்ராலும் சேர்த்து, 100 நானோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள கொழுப்புக் குமிழிகளாக்கி (இவையே லைப்போசோம்கள்), அவற்றின் சுவரிலேயே மருந்தைப் பதித்துவிட்டால், அது பூஞ்சையைச் சந்திக்கும் வரை பெரும்பாலும் குமிழியை விட்டு வெளியேறுவதில்லை. ஆகவேதான் சாதாரண மருந்தை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்கள், இதனை 5 மில்லிகிராம் வரையிலும் துணிந்து ஏற்றுகிறார்கள். பீகாரில் ஒட்டுண்ணியால் வரும் கருங்காய்ச்சலுக்கு (காலா-அசார்) கிலோவுக்கு 10 மில்லிகிராமை ஒரே தவணையில் கொடுக்க முடிவதும் இதனால்தான். எனினும் பாதிப்பு குறைகிறதே தவிர அறவே நீங்குவதில்லை. சிறுநீரகத்தின் நிலையை அறிய, உங்கள் மாமனாருக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்த்திருப்பார்கள். தூய கொழுப்பை, ஒரே அளவுள்ள குமிழிகளாக, கிருமி புகாமல் தயாரிப்பதற்கான செலவும் விலையை உயர்த்துகிறது.

கேள்வி: கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியிலும் இதே குமிழிதானா?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: உறவு உண்டு, ஆனால் அதே பொருள் அன்று. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறான எம்ஆர்என்ஏ வெறுமனே ஊசியில் சென்றால் நொதிகள் அதனை விரைவில் சிதைத்துவிடும். எனவே நான்கு வகைக் கொழுப்புகள் சேர்ந்த துகளுக்குள் அதனைப் பொதிகிறார்கள். அவற்றுள் ஒன்று, இரத்தத்தில் மின்னூட்டம் இன்றி அடங்கியிருந்து, செல்லுக்குள் அமிலத்தன்மையுள்ள பைக்குள் சிக்கியதும் நேர்மின்னூட்டம் பெற்று, அந்தப் பையை உடைத்துச் சரக்கை வெளியேற்றுகிறது. இத்துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த ஏற்பாடுதான். பைசர் தடுப்பூசிக்குத் தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரி குளிர் வேண்டியிருந்தது. புனேயில் உருவாகி 2022 ஜூனில் அவசர அனுமதி பெற்ற ஜெம்கோவாக் என்னும் எம்ஆர்என்ஏ தடுப்பூசி, உலர்த்திய தூளாக இருந்ததால் 2 முதல் 8 டிகிரியிலேயே தாங்கியது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலுள்ள குளிர்பெட்டிக்கு அதுவே பொருந்தும்.

கேள்வி: ‘நானோ குர்குமின்’ மாத்திரை மூட்டுவலிக்கு நல்லதென்று விற்கிறார்கள். மஞ்சள் விளைவிக்கும் நாங்கள் இதையும் வாங்க வேண்டுமா?
(விவசாயி, மொடக்குறிச்சி)

பதில்: மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமின் நீரில் கரையாது, குடலும் கல்லீரலும் அதனை விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். நுண்துகளாக்கினால் இரத்தத்தில் அதன் அளவு கூடும் என்பது உண்மை. அளவு கூடுவதாலேயே நோய் தீரும் என்று சொல்லிவிட முடியாது. மேலும், குழம்பில் போடும் மஞ்சளால் வராத கல்லீரல் அழற்சி, உறிஞ்சும் தன்மை கூட்டப்பட்ட மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்கு வந்ததாக மருத்துவ அறிக்கைகள் உள்ளன. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரானால், மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.