கரண்ட் போனபின் எழாத விர்ச்சுவல் மெஷின்: முதலில் நகல், அப்புறம் வைத்தியம்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு என்ற இயங்குதளத்தில் கொள்முதல் கணக்கு ஓடுகிறது. இரண்டு நாள் முன் இடி மழையில் கரண்ட் போனது, யூபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டது. அதிலிருந்து உபுண்டு பூட் ஆகவில்லை. கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று வந்து நிற்கிறது. பார்க்க வந்தவர், அந்த விர்ச்சுவல் மெஷினை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார். சீசன் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து நீக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் ‘ரிமூவ்’ கொடுத்தால், எல்லாக் கோப்புகளையும் அழிக்கவா, பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா என்று கேட்கும். அவசரத்தில் கை தவறினால் பெங்களூரா மாம்பழ லோடு அத்தனையின் கணக்கும் போய்விடும். இத்தனைக்கும் உங்கள் மெஷினுக்கு வந்திருப்பது பெரும்பாலும் சரியாகிற கோளாறுதான்.

முதல் வேலை நகல். விர்ச்சுவல் மெஷினை முழுவதும் பவர் ஆஃப் செய்துவிட்டு, அதன் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். உள்ளே ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ என்ற ஃபோல்டர் இருந்தால் அதுவும் வர வேண்டும். மெஷினின் சேமித்த நிலைகளான அந்தக் கோப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதில் ஒன்று குறைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். பென் டிரைவில் காப்பி ஆகாமல் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று வந்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கை எடுங்கள்.

இனி அந்தத் திரை. உபுண்டு டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்ததால் கோப்பு அமைப்பில் ஒழுங்கு கலைந்திருக்கிறது. உபுண்டு அதைத் தானாகத் திருத்தத் துணியாமல் உங்களைக் கூப்பிடுகிறது. நிற்கிற வரிக்குச் சற்று மேலே பாருங்கள். எந்தப் பிரிவில் பழுது என்று ‘டெவ்’, ‘எஸ்டிஏ’ என்பதோடு ஓர் எண்ணும் சேர்த்து எழுதியிருக்கும். கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் ‘எஃப்எஸ்சிகே’ என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு ஒரு ஹைஃபனும் ஒய் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு அந்தப் பிரிவின் பெயரைத் திரையில் உள்ளபடியே கொடுத்து என்டர் தட்டுங்கள். எல்லாத் திருத்தத்துக்கும் ‘சரி’ என்று நீங்களே முன்கூட்டிச் சொன்னதாக அர்த்தம். அதனால்தான் நகலை முதலில் எடுக்கச் சொன்னேன். முடிந்ததும் ‘எக்ஸிட்’ கொடுத்தால் பூட் தொடரும்.

கரண்ட் விளையாடும் ஊரில் இன்னொன்றும் நடக்கும். மெஷின் திரையே வராமல், ‘விடி-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் பிழை வரலாம். விடி-எக்ஸ் என்பது விர்ச்சுவல் மெஷினை ஓட்ட ப்ராசஸர் தரும் விர்ச்சுவலைசேஷன் வசதி. அப்போது விண்டோஸ் கடிகாரத்தைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழையபடி திரும்பி, விர்ச்சுவலைசேஷன் அணைந்துவிட்டிருக்கும். பேட்டரியை மாற்றி, பயாஸில் அதை மறுபடி இயக்கினால் போதும். உபுண்டுவில் எந்தக் குற்றமும் இல்லை.

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் விடிஐ கோப்பு டைனமிக் முறையில் இருந்தால் வளர்ந்துகொண்டே போகும். உபுண்டுக்குள் எதை அழித்தாலும் அது தானாகச் சுருங்காது.

யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போடுங்கள். இனி கரண்ட் போனவுடன் முதலில் உபுண்டுவை ஷட் டவுன் செய்யுங்கள், அப்புறம் விண்டோஸை. அதற்கும் நேரமில்லை என்றால் ‘சேவ் மெஷின் ஸ்டேட்’ கொடுத்து மூடலாம்.

உபுண்டு எழுந்தபின் உடனே புது லோடைப் பதிய ஆரம்பிக்காதீர்கள். கரண்ட் போன அன்று மாலையின் எடை மேடைச் சீட்டுகளை எடுத்து வைத்து, கடைசிப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். விட்டுப்போயிருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான் இருக்கும்.