கள்ளி மூச்சு விடும் நேரம்

கேள்வி: இலையே இல்லாத கள்ளிச்செடி உணவைத் தயாரிப்பது எப்படி? கடும் வெயிலில் அது ஏன் வாடுவதில்லை?

பதில்: கள்ளியின் இலைகள்தாம் முட்களாக மாறியிருக்கின்றன, உணவு தயாரிக்கும் பொறுப்பைப் பச்சைத் தண்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வளரும் சாகுவாரோ கள்ளியின் தண்டில் விசிறி மடிப்புகள் போன்ற வரிகள் உண்டு. மழை பெய்ததும் அவை விரிந்து நீரைத் தேக்கிக்கொள்ளும். வறட்சியில் மெல்லச் சுருங்கும்.

ஆனால், என்னை மிகவும் வியக்கவைப்பது கள்ளி மூச்சு விடும் நேரம்தான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்போது, அதே துளைகள் வழியாக ஏராளமான நீரையும் இழந்துவிடுகின்றன. கள்ளியோ, குளிர்ந்த இரவில் மட்டும் துளைகளைத் திறந்து, உள்வாங்கிய வாயுவை மாலிக் அமிலம் என்னும் புளிப்புப் பொருளாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்து சூரிய ஒளியின் துணையுடன் சர்க்கரையை உருவாக்குகிறது. பெயரில் கள்ளி இருந்தாலும் இலைகளுள்ள வேறொரு செடியான ரணகள்ளிக்கும் இதே வழக்கம் உண்டு; அதன் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைத் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் மென்று பார்த்தே கண்டறிந்தார். அவருடைய குறிப்பு 1815-இல் வெளியானது. வெறும் நாக்கைக் கொண்டு செய்த எத்தனை அருமையான ஆய்வு!

முட்கள் விலங்குகளைத் தடுப்பதோடு, அடர்ந்திருக்கும் இடங்களில் தண்டுக்கு நிழலும் தருகின்றன. வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. சிறு தூறலையும் உடனே உறிஞ்சுவதற்காக மண்ணின் மேற்பரப்பையொட்டி அகலப் பரவுகின்றன.