வீட்ஹாப்பர் போன்ற ஒற்றை இருக்கை கிட் விமானங்கள் வெறும் பொம்மைகள்தானா?

'பொம்மை' என்று படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய கிட் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் விமானம்) ஒன்று மலிவாகக் கிடைத்து, வாங்கலாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1970களில் அமெரிக்க ஹாங் கிளைடர்காரர்கள் (எஞ்சின் இல்லாத துணி இறக்கையில் தொங்கிப் பறப்பவர்கள்) சிறு எஞ்சினைப் பொருத்திக்கொண்டு, கால்களால் ஓடியே மேலே எழும்பினார்கள். 1976இல் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் ஜான் மூடி அப்படிப் பறந்து காட்டினார். அடுத்த ஆண்டு ஜான் சோட்டியா வடிவமைத்ததுதான் வீட்ஹாப்பர். மூன்று சக்கரம், இறக்கைக்குக் கீழே ஓர் இருக்கை. ஓட வேண்டாம், உட்கார்ந்தே கிளம்பலாம். இறக்கையில் ஏலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்புப் பலகை, கிடையாது. கட்டுப்பாட்டுக் குச்சியைப் பக்கவாட்டில் தள்ளினால் வாலில் உள்ள ரடர் என்ற திருப்பும் பலகை திரும்பும். இறக்கைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் விமானம் தானே சரிந்து வளையும். இது அரைகுறை வேலை இல்லை, யோசித்துச் செய்த எளிமை. பக்கக் காற்றில் மட்டும் படுத்தும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யாரோ பாதியில் விட்ட கிட் ஒன்றை நானும் என் மைத்துனரும் முடித்தோம். வெல்டிங்கே இல்லை. அலுமினியக் குழாய், போல்ட், கேபிள், அவ்வளவுதான். தைத்தே வரும் டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியைத் தலையணை உறை மாதிரி இறக்கைச் சட்டத்தில் மாட்ட வேண்டும். கடைசி ஒரு சாண் மட்டும் வரவே வராது. ஒருவர் நுனியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காலை ஊன்றி இழுக்க வேண்டும். இதற்குள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து சத்தம் அதிகம் என்று கடிதம் வந்துவிட்டது. எஞ்சினை நாங்கள் தொடக்கூட இல்லை! அவர்களுடைய ஆள் சருகு ஊதும் மெஷினை விடிகாலையில் அலறவிடுவாரே, அதுவும் இதே மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். அதற்கு யார் கடிதம் போடுவது?

சரி, சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1982இல் வந்த பகுதி 103 என்ற விமான விதிப்படி, காலி எடை சுமார் 115 கிலோவுக்குள், எரிபொருள் சுமார் 19 லிட்டருக்குள், உச்ச வேகம் மணிக்குச் சுமார் 102 கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே லைசென்ஸ் வேண்டாம். உடனே 'பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. சோட்டியாவே 1981இல் தன் புதிய விமானம் ஒன்றைச் சோதிக்கும்போதுதான் இறந்தார். முதலில் இரட்டை இருக்கை விமானத்தில் பயிற்சியாளரோடு பறந்து பழகுங்கள்.

அப்புறம், கிட்டைப் பார்க்கப் போனால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே துணியைப் பாருங்கள். டாக்ரானுக்கு வெயில்தான் எமன். தையல் ஓரத்தில் நிறம் வெளுத்திருந்தால் புதுத் துணிக்கான செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய போல்ட்டுகளை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.