பூப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரோஸ்மேரி எண்ணெய் டிபிபிஎச் சோதனையில் வேறுபடாதது ஏன்?

டிபிபிஎச் என்பது ஊதா நிறச் சேர்மம்; ஒட்சியேற்ற எதிரிகள் (antioxidants) அதற்கு ஐதரசனை வழங்கும்போது அந்நிறம் மங்கும். உங்கள் இரு எண்ணெய்களும் அந்த ஊதா நிறத்தை ஒரே அளவு சிறிதே மங்கச் செய்ததற்கு உங்கள் கைப்பிழை காரணமாக இருக்க வேண்டியதில்லை. ரோஸ்மேரியின் வலிமையான ஒட்சியேற்ற எதிரிகளான கார்னோசிக், ரோஸ்மரினிக் அமிலங்கள் எளிதில் ஆவியாகாதவை என்பதால், நீராவியில் வடிக்கும்போது அவை எண்ணெயுடன் வராமல், பெரும்பாலும் இலைச் சக்கையிலும் கலத்து நீரிலுமே தங்கிவிடுகின்றன. எண்ணெயில் மிகுந்துள்ள சினியோல், கற்பூரம், அல்பா பினீன் ஆகியவை ஐதரசனை எளிதில் வழங்குவதில்லை.

சக்கையை எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் ஆய்வின் பெறுமதியான பகுதி. இரு பருவச் சக்கைகளையும் உலர்த்திச் சம எடையில் எதனோலில் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றை டிபிபிஎச் கரைசலுடன் கலந்து, ஊதா நிறம் எவ்வளவு மங்கியது என 517 நானோமீற்றர் ஒளியில் அளந்து பாருங்கள்.

ஆனால், ஒரு தொகுதி வெப்பமான கொழும்பு வெள்ளவத்தை மாடியிலும் மற்றையது குளிரான நுவரெலியாவிலும் வளர்ந்திருந்தால், இடமும் காரணமாகலாம் என்பதால், தெரியும் வேறுபாட்டைப் பருவத்தின் விளைவென எழுத முடியாது.