ஆந்திரக் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் தாலி கட்ட மாட்டார்களா?

தங்கைக்கு ராஜமுந்திரிப் பக்கம் மாப்பிள்ளை, பத்திரிகையில் முகூர்த்தம் இரவு 1.20 என்று இருக்கிறது, ஆனால் தாலி கட்ட மூன்று மணிகூட ஆகலாம் என்கிறார்கள், இது என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது சரிதான். அங்கே முகூர்த்தம் என்பது தாலிக்கு இல்லை, ஜீலகர்ர பெல்லத்துக்கு. சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார்கள். பெண் மாப்பிள்ளையின் உச்சந்தலையிலும் மாப்பிள்ளை பெண்ணின் உச்சந்தலையிலும் அதை வைத்துக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். குறித்துக் கொடுத்த லக்னம் அந்த நிமிடத்துக்குத்தான். தாலி அப்புறம் நிதானமாக நடக்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் இதை வைத்துக் கிளம்பிய பேச்சு இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன். நீங்களும் பெண் வீடு, பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருப்பார். அவரை இப்போதே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

என் தங்கையைக் கொடுத்ததும் கோதாவரிப் பக்கம்தான். மாக மாதம், பிப்ரவரி, முகூர்த்தம் இரவு ஒன்றே முக்கால். நம் ஊரில் விடியற்காலை முகூர்த்தம் என்றாலே முணுமுணுப்பவர்கள் நாம், நடுராத்திரி என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர்களுக்கு லக்னம்தான் முக்கியம், அது பகலில் வந்தால் என்ன ராத்திரியில் வந்தால் என்ன என்பதுதான் கணக்கு.

பெண்ணை மூங்கில் கூடையில் உட்கார வைத்துத் தாய்மாமன்கள் தூக்கி வர வேண்டும். எங்கள் மாமாக்கள் இருவருக்கும் முட்டி வலி, மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள்தான் கூட ஒரு கை கொடுத்தார்கள். நடுவில் ஒரு துணியை இருபுறமும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அட்டதெர என்பார்கள். அதுவரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. புரோகிதர் மடியில் கைபேசியை நிமிர்த்தி வைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும் கையை உயர்த்தினார், மேளம் காதைக் கிழித்தது, திரைக்கு மேலாகக் கைகள் போயின. நான் தங்கைக்குப் பின்னால் நின்றேன். வெல்லம் உருகி அவள் வகிடு வழியாக நெற்றியில் கட்டியிருந்த பாசிகம் வரை இறங்கியது, ஒரே சீரக வாசனை. திரையை விலக்கியதும் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர், "சார், திரையை ஒரு தடவை மறுபடி பிடிங்க" என்றார்! புரோகிதர் முறைத்த முறைப்பில் அவர் அப்படியே பின்னால் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மதுபர்க்கம், அதாவது சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவையும் வேட்டியும். பட்டைக் களைந்து அதைக் கட்டிக்கொண்டு வர நேரமாகும். பிறகுதான் மாங்கல்யம். அதற்கு மூன்று மணி ஆகிவிட்டது.

எங்கள் சித்தப்பா பின்வரிசை நாற்காலியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கெட்டிமேளத்துக்குக் கண் விழித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முகூர்த்தமே தப்பிப்போச்சே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். திரும்பி வந்த ரயிலில் பெட்டி முழுக்க அதே பேச்சு. அத்தோடு விட்டாரா? தங்கை வீட்டுக்காரருக்கு நடுவில் வேலை போய் சில மாதம் வீட்டில் இருந்தார், அப்போதும் "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். தங்கை காதுக்கும் போய்விட்டது.

அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன், தேவைப்படும். ஸ்ரீராமநவமி அன்று பத்ராசலத்து சீதாராம கல்யாணத்தை டிவியில் நேரலையாகக் காட்டுவார்கள். அங்கே பகல் 12 மணி அபிஜித் லக்னத்தில் ராமர், சீதை தலையில் ஜீலகர்ர பெல்லம்தான் வைக்கிறார்கள். மாங்கல்யம் அதற்குப் பிறகு. ராமருக்கே அப்படி என்றால் நம் வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன வந்தது?

எல்லாத் தெலுங்குக்காரர்களும் இப்படிச் செய்வதில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் எல்லாரையும் பற்றிச் சொல்லவில்லை. தெலங்கானாவில் சில முறைகள் வேறு, சாதிக்குச் சாதி முன்பின் மாறும், தமிழ்நாட்டில் பல தலைமுறையாக இருக்கும் தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில் நம் வழக்கமும் கலந்துவிட்டது. நான் பார்த்தது கோதாவரிப் பக்கத்துக் கல்யாணம். நீங்கள் கேட்டதும் அந்தப் பக்கம்தானே.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா இல்லாததால் பெரியப்பாவும் பெரியம்மாவும் மாப்பிள்ளையின் காலைக் கழுவிக் கன்னிகாதானம் செய்தார்கள். அம்மா மேடைப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னது தெலுங்குக்காரர்கள் இல்லை, இதே சித்தப்பாதான். வளர்த்துப் படிக்க வைத்தவள் கல்யாணக் கூடத்தின் தூண் ஓரமாக நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வந்து, "வதினகாரு, மீரு ரண்டி" (அண்ணி, நீங்க வாங்க) என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் அட்சதை போட வைத்தார். முகூர்த்தம் தப்பியது என்று கவலைப்பட்ட மனிதருக்கு இது தப்பாகத் தெரியவில்லை. சரி, விடுங்கள்.

உங்களுக்கு உபயோகமாகச் சில விஷயம். பத்திரிகையில் தேதியை நன்றாகப் பாருங்கள். பஞ்சாங்கத்தில் நாள் மாறுவது சூரிய உதயத்தில், நடுராத்திரியில் இல்லை. அதனால் இரவு 1.20 என்றால் "புதன் இரவு, விடிந்தால் வியாழன்" என்கிற மாதிரிதான் போடுவார்கள். எங்கள் அத்தை குடும்பம் இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த நாள் சாயங்காலம் பட்டுப்புடவையோடு வந்து இறங்கி, மிச்சமிருந்த புளிஹோராவைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தமிழில் தனியாகப் பத்திரிகை அடித்தால் ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் தெளிவாகப் போட்டு, மாங்கல்யதாரணம் சுமார் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நாள் இன்னும் உறுதியாகவில்லை என்றால் மாதத்தையும் பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் மாதம் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். நமக்கு ஆடி முடிவதற்குள்ளேயே பெரும்பாலும் அவர்களுக்கு சிராவணம் பிறந்துவிடும், அது அவர்களுக்குக் கல்யாண மாதம். ஆடியில் கல்யாணமா என்று உங்கள் பக்கம் கிளம்பும்.

ராத்திரிக் கல்யாணத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. நம் ஊரில் பட்டப்பகலில் வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்பார்கள், பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டும். தங்கை கல்யாணத்தில் நாலு மணி வாக்கில் மண்டபத்து மொட்டை மாடிக்குப் போனோம். வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருந்தது, வசிஷ்டரை ஒட்டி மங்கலாக அருந்ததியை நிஜமாகவே பார்த்தோம்.

அப்புறம் தாலி. மாப்பிள்ளை வீட்டில் செய்துகொண்டு வருவார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புஸ்தெலு, அதாவது தாலிப் பொட்டுகள், இரண்டு, ஒன்று பிறந்த வீட்டுடையது, ஒன்று புகுந்த வீட்டுடையது. பத்ராசலத்து சீதைக்கு, அந்தக் கோயிலைக் கட்டிய பக்தர் ராமதாசு செய்துகொடுத்ததும் சேர்த்து மூன்று! உங்கள் பங்கை நீங்கள்தான் செய்ய வேண்டும், அளவும் வடிவமும் ஒத்துப்போக அவர்கள் பக்கத்து ஆசாரியிடமே கொடுப்பது நல்லது. கல்யாணத்தன்று இரண்டும் தனித்தனியாக இருக்கும், பதினாறாம் நாள் பண்டிகையில்தான் ஒன்றாகக் கோப்பார்கள். அதற்கும் நீங்கள் போக வேண்டியிருக்கும், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள்.