வங்கி கூட்டிய வட்டியைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: 2021 கடைசியில் செங்காங்கில் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினோம். வங்கிக் கடன் 400,000 வெள்ளி, 25 ஆண்டு, சோராவுக்கு மேல் 0.8 விழுக்காடு. ஆரம்பத்தில் மாதத் தவணை 1,500 சொச்சம். இரண்டே ஆண்டில் 2,160க்குப் போய்விட்டது. வங்கிகளோ லாபத்துக்கு மேல் லாபம் பார்க்கின்றன. கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாமா? (இன்னொன்று: மூன்றாம் ஆண்டிலிருந்து சோராவுக்கு மேல் 1 விழுக்காடு என்று வங்கி தந்த கடன் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் கணக்கறிக்கையில் 1.25 என்று போட்டிருக்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை.)

பதில்: பெரிய விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, கிடைக்காத விஷயத்துக்கு அவ்வளவு கோபப்பட்டிருக்கிறீர்கள்!

கிடைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். சோரா உங்கள் வங்கி வைக்கிற விலை இல்லை. இங்குள்ள வங்கிகள் ஓர் இரவுக்குத் தங்களுக்குள் அடமானம் எதுவும் வாங்காமல் சிங்கப்பூர் வெள்ளியைக் கடன் கொடுத்து வாங்கும்போது போடும் வட்டியின் சராசரிதான் அது, நாணய ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது. வீட்டுக் கடன்களில் பெரும்பாலும் மூன்று மாதக் கூட்டுச் சோராதான், அதாவது மூன்று மாதத்தின் அன்றாடச் சோராவைக் கூட்டு வட்டியாகச் சேர்த்தது. 2022 தொடக்கத்தில் 0.2 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கிடந்த அது, 2023 முடியும்போது 3.7 ஆகிவிட்டது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஆரம்பித்து 2023 ஜூலை வரை வட்டியை ஏற்றிக்கொண்டே போனது, நம் நாணய ஆணையமோ வட்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை, வெள்ளியின் மாற்று விகிதத்தைத்தான் கவனிக்கிறது, அதனால் அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும். 0.2உடன் 0.8ஐக் கூட்டினால் 1, அதற்குத் தவணை 1,507 வெள்ளி. 3.7உடன் 0.8ஐக் கூட்டினால் 4.5, உங்கள் மீதிக் கடனுக்கும் மீதி ஆண்டுகளுக்கும் 2,160 சொச்சம். போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. வலிக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியபடியே நடந்திருக்கிறது. இதற்கு யாரிடம் போனாலும் பணம் வராது.

அடுத்து அந்த 1.25. இதில் பணம் இருக்கலாம். 370,000 வெள்ளி மீதிக் கடனில் கால் விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 925, மாதம் 77 வெள்ளி. இருபது மாதம் இப்படிப் போயிருந்தால் 1,500 வெள்ளிக்கு மேல்.

ஆனால் சண்டைக்குக் கிளம்பும் முன் கடிதத்தை இன்னொரு தடவை பாருங்கள். பல கடிதங்களில் வட்டி மூன்று வரியாக இருக்கும்: முதல் இரண்டு ஆண்டு இவ்வளவு, மூன்றாம் ஆண்டு இவ்வளவு, "அதற்குப் பிறகு" இவ்வளவு. அந்த மூன்றாவது வரியில் 1.25 என்று இருந்து, உங்களுக்கும் நான்காம் ஆண்டில்தான் அது வந்திருந்தால் கதை முடிந்தது. ஆண்டுக் கணக்கு கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஓடாது, கடன் பணம் முதலில் வெளியான நாளிலிருந்துதான் ஓடும், இதிலும் பலர் குழம்புகிறார்கள். நடுவில் வேறு திட்டத்துக்கு மாறக் கேட்டு ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்றும் வீட்டில் கேளுங்கள். கூட்டுக் கடன் என்றால் மனைவியிடமும். என்னிடம் வந்த ஒருவர் மூன்று மாதம் வங்கியோடு மல்லுக்கு நின்றார், கடைசியில் பார்த்தால் கைப்பேசியில் "சம்மதம்" என்று அவரே அழுத்தியிருக்கிறார்.

இது எதுவும் இல்லை என்றால் வங்கிக்கு எழுதுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், அங்கே எடுப்பவர் பாவம், திரையில் இருப்பதைத்தான் வாசிப்பார். எழுதும்போது "வட்டியை அநியாயமாக ஏற்றினீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்தத் தேதியிட்ட கடிதத்தின் இந்தப் பிரிவுப்படி 1 விழுக்காடு, நீங்கள் இந்த மாதத்திலிருந்து 1.25 பிடித்திருக்கிறீர்கள், வித்தியாசம் இவ்வளவு, திருப்பித் தாருங்கள், எந்த ஆவணத்தின்படி மாற்றினீர்கள் என்பதையும் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். முதல் வகைக் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் வரும். இரண்டாவது வகைக் கடிதத்தை வங்கியில் யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தாமதக் கட்டணமும் கடன் வரலாற்றில் கறையும் உங்களுக்குத்தான்.

வங்கி மறுத்தால் ஃபிட்ரெக். நிதித்துறைப் பூசல்களைத் தீர்க்க 2005இல் ஏற்படுத்திய அமைப்பு அது. வங்கியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் சமரசப் பேச்சு, உங்களுக்குக் கட்டணமில்லை. ஒத்துவரவில்லை என்றால் தீர்ப்பாளரிடம் போகலாம், 50 வெள்ளியும் ஜிஎஸ்டியும். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். எனக்கு இதில் பிடித்த விஷயம், தீர்ப்பாளர் சொல்வதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் வங்கி அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு இருக்கிறது, அதனால் பதறவும் வேண்டாம், ஆறப்போடவும் வேண்டாம்.

கேள்வி: ஜூரோங்கில் கூட்டுரிமை வீடு. என் கடன் சோரா இல்லை, வங்கியே முடிவு செய்கிற போர்டு ரேட். ஏறும்போது உடனே ஏற்றினார்கள். 2025இல் சோரா இவ்வளவு இறங்கியும் என் வட்டி பெயருக்குத்தான் இறங்கியிருக்கிறது. மகன் நெதர்லாந்தில் வேலை செய்கிறான், அங்கே இப்படி வட்டி வாங்கிய வங்கி வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாம். இங்கே நடக்குமா?

பதில்: மகன் சொன்னது உண்மைதான். அங்கே நிதிப் புகார்களை விசாரிக்கும் கிஃபிட் என்ற அமைப்பு, மாறும் வட்டி என்று சொல்லிக் கடன் கொடுத்தால் அது சந்தை வட்டியோடு சேர்ந்து நகரும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது நியாயம், சந்தையில் இறங்கும்போது நீயும் இறக்கியிருக்க வேண்டும் என்றது. அதன் பிறகு 2021இல் ஏபிஎன் ஆம்ரோ வங்கி இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் அது எடுத்து எடுத்துக் கட்டும் சுழல் கடன், வீட்டுக் கடன் இல்லை.

இங்கே நடக்குமா என்றால், அந்த வழியில் நடக்காது. வட்டி விகிதம், கட்டணம் போன்ற விலை முடிவுகள் வங்கியின் வணிக முடிவு, அவற்றை விசாரிப்பதில்லை என்பது ஃபிட்ரெக்கின் விதி. எனக்கு இதில் வருத்தம்தான். சோராவை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம், போர்டு ரேட் எப்படி வந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது.

ஒரு சந்து இருக்கிறது. கடன் வாங்கும்போது விற்பனையாளர் என்ன சொன்னார்? "சந்தையில் இறங்கினால் இதுவும் இறங்கும்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் புகார் வட்டியைப் பற்றியது இல்லை, தவறாகச் சொல்லி விற்றதைப் பற்றியது. அதை ஃபிட்ரெக் எடுத்துக்கொள்ளும். வாயால் சொன்னது என்றால் நிரூபிப்பது கஷ்டம். வீட்டுக் கடன் தரும்போது வங்கி ஒரு விவரத் தாளும் கொடுத்திருக்க வேண்டும், வட்டி ஏறினால் தவணை எவ்வளவாகும் என்று அதில் காட்டியிருப்பார்கள். உங்களிடம் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வட்டியை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றும் ஆவணங்களில் பாருங்கள். அறிவிப்புக் காலம் முடியும் முன்பே ஏற்றியிருந்தால் அந்த நாட்களின் வித்தியாசம் உங்களுக்குச் சேர வேண்டியது. சின்னத் தொகைதான், ஆனால் உங்கள் பணம்.

அதைவிட, அங்கேயே ஏன் இருக்கிறீர்கள்? லாக்-இன் காலம் (அதற்குள் வெளியேறினால் அபராதம்) முடிந்திருந்தால் அதே வங்கியில் வேறு திட்டத்துக்கு மாறச் சில நூறு வெள்ளி, வேறு வங்கிக்குப் போக வழக்கறிஞர் செலவு இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும், கடன் பெரிதென்றால் அதையும் புது வங்கி ஓரளவு ஏற்கும். ஒரு விழுக்காடு குறைந்தால்கூட ஓராண்டுக்குள் செலவு திரும்பிவிடும். கிளம்பப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் பழைய வங்கிக்கும் நம் மேல் பாசம் வரும்.

(வீவகவிடம் 2.6 விழுக்காட்டில் கடன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வங்கிக்கு ஓட வேண்டாம். ஒரு முறை வெளியே வந்தால் வீவக கடனுக்குத் திரும்ப முடியாது.)

கேள்வி: கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை இரண்டு நாள் தாமதமாகக் கட்டினேன். தாமதக் கட்டணம் போக, வட்டியையும் கூட்டிவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: கட்டணம் கிடைக்கும், அநேகமாக. எப்போதும் ஒழுங்காகக் கட்டுபவர் என்றால் வங்கிச் செயலியிலோ தொலைபேசியிலோ தள்ளுபடி கேளுங்கள், முதல் தடவை பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வட்டியைக் கூட்டியது பல அட்டைகளின் விதிமுறையிலேயே இருக்கிறது, அதனால் அது கஷ்டம். ஆனால் தொடர்ந்து சில மாதம் நேரத்தில் கட்டினால் பழைய விகிதத்துக்கு இறக்குவார்களா என்று கேளுங்கள், அதுவும் பல விதிமுறைகளில் இருக்கிறது, கேட்காதவர்களுக்குத்தான் தெரிவதில்லை. ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கட்டும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள், குறைந்தபட்சத் தொகைக்கு இல்லை, முழுத் தொகைக்கு.