45 அடி துணி கிளிப்

கேள்வி: துணி காயப்போடுற கிளிப்பை 45 அடிக்கு செஞ்சு நிறுத்தினா அது சிலையா சார்?
– வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சிலையேதாம்மா! அமெரிக்க சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் 1976ல பிலடெல்பியா சிட்டி ஹாலுக்கு எதிர்லயே நிறுத்தினாரு, தினம் கையில எடுக்குற சாமானை நாம எங்க பாக்குறோம், அண்ணாந்து பாக்க வச்சாதான் ரெண்டு பாதியும் கட்டிப்பிடிச்சு நிக்கிறது கண்ணுல படுது, அமெரிக்க சுதந்திரத்தோட 200வது வருஷம்ங்கிறதால ஸ்பிரிங்கே 76னு எழுதின மாதிரி இருக்கும். எனக்கு அதைவிட அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல இருக்குற ராட்சச ஸ்பூன் சிலைதான் உசுரு, ஓல்டன்பர்க் தன்னோட மனைவி கூஷா வான் ப்ருகனோட சேர்ந்து செஞ்சது, 1988ல வச்சாங்க, ஸ்பூன் நுனியில ஒரு செர்ரி, அதோட காம்புல இருந்து தண்ணி வேற வரும். கிருஷ்ணகிரி ரவுண்டானாவுல இதே மாதிரி பெங்களூரா மாங்கா ஒண்ணு மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கணும், தாராளமா வைக்கலாம்மா!